மூன்றாம் மாதத்துக்கு நான்கு

அத்தியாயம் பதினேழு

போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சாவிகள் கைமாறின. இரும்புச் சாவிகள் அல்ல, கணினிக் கடவுச்சொற்கள். லூவாவின் சாவி அண்ணன் குயேனிடம் போனது, அன்று இரவே அவன் அதை வேறு சொல்லாக மாற்றிக்கொண்டான். குயேனின் சாவி லூவாவிடம் வந்தது. பொறுப்பில் இருப்பவன் கையில்தான் பெரிய சாவி இருக்க வேண்டும் என்று குயேன் சொன்னான். மூத்தவன் கேட்கிறான், கொடுத்துவிடு, வீட்டில் நிம்மதி இருக்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டு மீன் குழம்பைப் பரிமாறினாள்.

குயேனின் சாவிக்கு ஒரு விசேஷம் இருந்தது. 'தலைமைப் படைப்பு இயக்குநர்' என்ற பெயரில் நான்கு வருடத்துக்கு முன்பு லூவாவே செய்து கொடுத்த சாவி அது. அதை வைத்துக்கொண்டு, அவர்கள் செய்துகொண்டிருக்கும் கணினி விளையாட்டின் எல்லா அறைகளையும் எட்டிப் பார்க்கலாம். ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது. நான்கு வருடமாகக் குயேனுக்கு அது தெரியவில்லை. எதையாவது நகர்த்த முயன்றிருந்தால்தானே தெரிந்திருக்கும்.

அதே மேஜையில் இன்னொன்றையும் அவன் அறிவித்திருந்தான். சனிக்கிழமை விழாவில் ஒரே ஒரு பிசகு தெரிந்தாலும் தலைமை நிரலாளர் மாற்றப்படுவார். சைகோனில் ஆள் பார்த்தாகிவிட்டது. விளையாட்டை வெளியிட இருக்கும் நிறுவனத்துக்கும் எழுத்தில் அனுப்பியாகிவிட்டது. 'நீரேறும் பருவம்' என்ற அந்த விளையாட்டின் ஒவ்வொரு வரியையும் எழுதிய தலைமை நிரலாளர் லூவா, அந்த நேரம் குழம்பில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

இன்று சனிக்கிழமை. விழா மதியம் இரண்டு மணிக்கு.

காலை ஆறரைக்கு, அம்மாவின் நொய்யரிசிச் சோற்றுக் கடையிலிருந்து பன்றி வறுக்கும் புகை மாடி வரை ஏறிக்கொண்டிருந்தபோது, லூவா ஐஸ் காப்பியோடு உட்கார்ந்து அண்ணனின் பார்வைச் சாவியால் விளையாட்டைத் திறந்தாள். சும்மா பார்க்கத்தான். இரண்டாம் மாதம். கோடை. வாய்க்கால் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அந்த வெடிப்பின் மேல் ஆயிரக்கணக்கில் லின் மீன்கள் வெள்ளியாய்த் துள்ளிக்கொண்டிருந்தன.

காப்பிக் குவளை பாதி வழியில் நின்றது.

லின் மீன் வெள்ளத்தோடு வருகிற மீன். ஏழாம் மாதம் ஆறு பொங்கும்போது மேலே கம்போடியாப் பக்கத்திலிருந்து வரும், பத்தாம் மாதம் தண்ணீர் வடியும்போது போய்விடும். அவர்கள் ஊரான கான் தோவில் நடக்கத் தெரிந்த குழந்தைக்கும் இது தெரியும். இரண்டாம் மாதத்தில் லின் மீன் என்றால் சித்திரை வெயிலில் குடை விற்காமல் மழைக்கோட்டு விற்பது மாதிரி.

லூவா மாதப் பட்டியலைத் திறந்தாள். லின் மீனுக்கு நேரே 34 என்று இருந்தது. அவள் போட்டிருந்தது 960.

அந்தப் பட்டியலை அவள் எழுதிய விதம் இது. ஒரு கம்பத்தில் பன்னிரண்டு சின்னக் கொடிகள். மாதத்துக்கு ஒன்று. மீனோ பூவோ பழமோ எந்தெந்த மாதம் கிடைக்குமோ அந்தந்தக் கொடி ஏறியிருக்கும், மற்றவை இறங்கியிருக்கும். முதல் கொடிக்கு மதிப்பு 1. இரண்டாவதற்கு 2. மூன்றாவதற்கு 4, நான்காவதற்கு 8, இப்படி இரட்டித்துக்கொண்டே போய்ப் பன்னிரண்டாவதற்கு 2048. ஏறியிருக்கிற கொடிகளின் மதிப்பைக் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிடலாம். இரட்டித்துப் போவதால் எந்த இரண்டு சேர்க்கைக்கும் ஒரே தொகை வராது. தொகையைப் பார்த்த மாத்திரத்தில் எந்தக் கொடி மேலே, எது கீழே என்று இயந்திரம் சொல்லிவிடும். ஏழிலிருந்து பத்து வரை ஏற்றினால் 64, 128, 256, 512. மொத்தம் 960.

இந்தக் கணக்கெல்லாம் மனிதர்கள் போடத் தேவையில்லை என்றுதான் அவள் பன்னிரண்டு கட்டங்கள் உள்ள ஒரு பக்கமும் செய்து வைத்திருந்தாள். வேண்டிய மாதத்தில் டிக் அடித்தால் போதும், தொகையை அதுவே போட்டுக்கொள்ளும். டிக் அடிப்பது குமாஸ்தா வேலை என்று குயேனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவன் நேரே எண் இருக்கிற பத்தியில் கை வைத்திருந்தான்.

அங்கேதான் ஊர் வழக்கம் காலை வாரிவிட்டது. முதல் மாதத்தையும் கடைசி மாதத்தையும் தவிர மற்ற மாதங்களுக்கு அந்த நாட்டில் எண்தான் பெயர். ஏழாம் மாதத்துக்கு ஏழு என்பதைத் தவிர வேறு என்ன இருக்க முடியும்? ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. கூட்டினால் முப்பத்திநான்கு. இயந்திரமோ 34-ஐப் பார்த்தது, 32-ம் 2-ம் என்று பிரித்தது, ஆறாம் கொடியையும் இரண்டாம் கொடியையும் ஏற்றிவிட்டுத் தன் வேலையைப் பார்த்தது.

அறுபத்திரண்டு வரிகள். துரியன் முதல் மாதத்திலேயே பழுத்திருந்தது. தவளைகள் கோடையில் கத்தின. லூவா மாற்றங்களின் பதிவேட்டைத் திறந்தாள். யார் எதைத் தொட்டாலும் கணினி பெயரையும் நேரத்தையும் குறித்துவைக்கும். புதன்கிழமை மாலை, அறுபத்திரண்டு மாற்றங்கள். அத்தனைக்கும் எதிரே ஒரே பெயர்.

லூவா.

சாவி அவளுடையது. ஆகவே பெயரும் அவளுடையது. காப்பியில் ஐஸ் கரைந்து நீர்த்துப் போனது. அவள் அதை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள்.

குயேன் மூன்றாம் மாடியில் கண்ணாடி முன்னால் நின்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தான். நிருபர் இன்னும் வரவில்லை. கேள்வியையும் அவனே கேட்டுக்கொண்டான். இந்த நதியின் பருவங்களை அறுபத்திரண்டு வரிகளாக என் சொந்தக் கையால் எழுதினேன் என்கிற இடத்தில் குரலைத் தாழ்த்தி, கையைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்தப் பார்வைக்குத்தான் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

லூவா விஷயத்தைச் சொன்னாள். அவன் கண்ணாடியை விட்டுத் திரும்பவில்லை. தான் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் விட்டதாகச் சொன்னான். புத்தாண்டுத் தர்பூசணி முதல் மாதம், 1 போட்டான், சரியாக வந்தது. தேன்கூடு இரண்டாம் மாதம், 2 போட்டான், வந்தது. மஞ்சள் மாய் பூ முதல் மாதமும் இரண்டாம் மாதமும், கூட்டி 3 போட்டான், அதுவும் பூத்தது. மூன்று சோதனை, மூன்றும் வெற்றி. உலகத்தில் எந்த இயக்குநர் நான்காவது சோதனை செய்வான்?

லூவாவுக்கு ஒரு கணம் அவன் மேல் இரக்கமே வந்தது. பன்னிரண்டு மாதத்தில் அந்த இரண்டே மாதங்கள்தான் அவன் கணக்குக்கு ஒத்துழைக்கும். அந்த இரண்டையும் தேடிப் பிடித்துச் சோதித்திருக்கிறான்.

"ஏழு, எட்டு, ஒம்போது, பத்து. முப்பத்திநாலு. கால்குலேட்டர்லயும் போட்டுப் பார்த்தேன்" என்றான் குயேன்.

"அப்படிக் கூட்டக் கூடாதுண்ணா."

"ஓ. கூட்டலையும் மாத்திட்டீங்களா? எப்போ?"

"சாவியைக் குடு. ஒரு மணி நேரத்துல சரிபண்ணிடறேன். யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே, மூணு." அவன் டையைச் சரிசெய்துகொண்டான். "என் கை பட்டது உனக்குப் பொறுக்கலை. அதான் விஷயம்."

மூணு என்பது அவள் வீட்டுப் பெயர். அந்தப் பக்கத்தில் மூத்த பிள்ளையை இரண்டு என்றுதான் கூப்பிடுவார்கள், அடுத்ததை மூன்று என்று. ஒன்று என்று யாரும் இல்லை. அது ஏன் என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள்.

அம்மா கீழே, கடையின் பின்கட்டில், விழாவுக்கான கோட்டுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். லூவா வாசலில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். கொடிக் கணக்கைச் சொல்லவில்லை, மீனை மட்டும் சொன்னாள். கோடையில் லின் மீன் என்றதும் இஸ்திரிப் பெட்டி நின்றது. முப்பது வருடம் சந்தையில் மீன் வாங்கியவள் அவள்.

"ஊரே சிரிக்குமே" என்றாள் அம்மா.

"அவனைப் பார்த்துச் சிரிக்காது. பதிவேட்டுல என் பேர் இருக்கு. என்னைத்தான் வெளியே அனுப்புவான்."

அம்மா இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தாள். கோட்டின் உள்பைக்குள் விரலை விட்டு நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து இஸ்திரி மேஜையில் வைத்தாள். தன் பிறந்த நாளையே மூன்று முறை மாற்றிச் சொல்கிறவன் குயேன். புதுக் கடவுச்சொல்லை மனதில் வைத்திருப்பான் என்று யார் எதிர்பார்ப்பார்கள்.

"எல்லார் முன்னாடியும் அவன் முகம் கெடக் கூடாது. அதுக்குத்தான் தர்றேன். உனக்காக இல்லை. நீ வாயைத் திறந்து அவனைச் சொல்லிடக் கூடாது, சரியா?"

"சரி."

"எவ்வளவு நேரம் வேணும்?"

"ஒரு மணி நேரம்."

அம்மா கோட்டைத் திருப்பிப் போட்டாள். அதில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "நிறைய கசங்கியிருக்கு" என்று மாடியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள்.

லூவா இரண்டிரண்டு படியாக ஏறினாள். ஒவ்வொரு வரியாகத் திறந்து, கட்டங்களில் டிக் அடித்து, மூடினாள். தவளை மழைக்குத் திரும்பியது. துரியன் ஐந்தாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் போனது. நாற்பதாவது வரியில் குயேன் படியிறங்குகிற சத்தம் கேட்டது. கீழே அம்மா காலர் சரியில்லை, பொறு என்று அவனை உட்காரவைத்துத் தட்டில் சோறு போட்டாள். அறுபத்திரண்டாவதாக லின் மீன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. 960. வாய்க்கால் வறண்டபடி அமைதியாகக் கிடந்தது. காகிதம் கோட்டுப் பைக்குள் திரும்பியபோது இஸ்திரியின் சூடு இன்னும் ஆறவில்லை.

ஆற்றங்கரை ஓட்டல் மண்டபத்தில் குயேன் கை கட்டி நிற்கும் படம் பத்தடி உயரத்துக்குத் தொங்கியது. விளையாட்டின் பெயர் அவன் முழங்காலுக்குக் கீழே இருந்தது. மணி ஒன்றரை. கூட்டம் இன்னும் வரவில்லை. முதல் வரிசையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட ஒரு நடுவயதுப் பெண் மட்டும் தேங்காய் மிட்டாய் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கிக்காரரின் மனைவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே லூவா பின்வரிசையில் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

மேடையில் குயேன் மடிக்கணினியைத் திறந்தான். அது பெரிய திரையோடு இணைக்கப்பட்டிருந்தது அவனுக்குத் தெரியாது, அல்லது கவலையில்லை. தன் கையால் எழுதியதை ஒருமுறை கண்ணாரப் பார்க்க ஆசைப்பட்டு மாதப் பட்டியலுக்குப் போனான். காட்சியில் முதலில் வரப்போகிற லின் மீனின் வரியை எடுத்தான்.

960.

அவன் தோள்கள் இறுகுவதைப் பின்வரிசையிலிருந்தே லூவா பார்த்தாள். அவனுக்குத் தெரிந்து எந்த வருடத்திலும் தொள்ளாயிரத்து அறுபது மாதங்கள் இல்லை. கம்பியைப் போட்டுவிட்டு அவள் நடுப்பாதையில் நடக்க ஆரம்பித்தாள், பிறகு ஓடினாள். ஓடும்போதே திரையில் ஒன்பது போயிற்று, ஆறு போயிற்று, சுழி போயிற்று. மூன்று வந்தது. நான்கு வந்தது. அவன் சேமித்தான்.

அவள் மேடையை எட்டும்போது விழாக்காரர்கள் அவன் கையில் மைக்கைக் கொடுத்துவிட்டார்கள். அவன் குனிந்து, வேறு எதையும் தான் தொடவில்லை, இது ஒன்று மட்டும் அவளுடைய குறும்பு என்று தெரியும், வீட்டில் பேசிக்கொள்ளலாம் என்று சொன்னான். கதவுகள் திறந்தன. கூட்டம் உள்ளே வந்தது. அம்மா இரண்டாம் வரிசையில் கைப்பையை மடியில் வைத்து உட்கார்ந்தாள். லூவாவை ஒரே ஒரு முறை பார்த்தாள்.

உரை நாற்பது நிமிடம் நீடித்தது. நதி வந்தது, நாகரிகம் வந்தது, உலகச் சந்தை வந்தது, சொந்தக் கையும் வந்தது. கையை அவன் பார்த்துக்கொண்ட விதம் ஒத்திகையைவிட நன்றாக இருந்தது. முடிவில் அவன் இரு கைகளையும் விரித்து, வெளியீட்டு நிறுவனத்தின் சார்பில் சைகோனிலிருந்து வந்திருக்கும் திருமதி சுயென் அவர்களே ஒரு மாதத்தைச் சொல்லட்டும், எந்த மாதமானாலும் சரி என்றான்.

முதல் வரிசையில் சாம்பல் சட்டை எழுந்தது. மிட்டாய்க் காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டது.

"ரெண்டாம் மாசம்" என்றாள் திருமதி சுயென்.

பன்னிரண்டில் எத்தனையோ மாதம் இருக்க, இதையா சொல்ல வேண்டும் என்று லூவா நினைத்தாள்.

திரையில் கோடை விரிந்தது. வெடித்த வாய்க்கால். அதன் மேல் வெள்ளி வெள்ளியாய் லின் மீன் துள்ளியது. மண்டபத்தில் பாதிப்பேர் வெள்ள நிலத்துக்காரர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு நடுவரிசையிலிருந்து ஒரு கிழவர் நிதானமாகக் கேட்டார்.

"தம்பி, மீனுக்குக் கால் முளைச்சிடுச்சா?"

சிரிப்பு பின்வரிசைவரை போய்த் திரும்பி வந்தது. குயேன் இது கவித்துவச் சுதந்திரம் என்றான். சிரிப்பு கூடியது. கோடையின் ஏக்கம் என்றான். இன்னும் கூடியது. அப்போதுதான் அவன் முகம் மாறியது. இது தொழில்நுட்பப் பிழை, இதற்குத்தான் பதிவேடு என்று ஒன்று வைத்திருக்கிறோம், கடைசியாகத் தொட்டது யார் என்று எல்லோரும் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு அதைத் திரையில் விரித்தான். புதன்கிழமை, இன்று காலை, இன்று ஒன்று முப்பத்திநான்கு. வரிக்கு வரி லூவா, லூவா, லூவா.

"என் தங்கச்சிதான். என்ன பண்றது, குடும்பம்னு விட்டு வெச்சது என் தப்பு" என்றான். குரலைத் தாழ்த்தினான். கையைப் பார்த்துக்கொள்ளவில்லை.

நூறு முகங்கள் திரும்பின. லூவாவின் நாக்கு நுனியில் வாக்கியம் முழுதாகத் தயாராக இருந்தது. இரண்டாம் வரிசையில் அம்மா கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தாள். லூவா வாயை மூடிக்கொண்டாள். நான்கு வருடம் இப்படித்தான் முடிகிறது போலிருக்கிறது என்று நினைத்தாள்.

திருமதி சுயென் மேடை ஏறினாள். மடிக்கணினியைத் தன் பக்கம் திருப்பினாள். ஒரு சின்னச் சந்தேகம் என்றாள். கெண்டை மீனை மூன்றாம் மாதத்தில் மட்டும் விட வேண்டும் என்றால் இந்தக் கட்டத்தில் என்ன எண் போட வேண்டும்? முதலில் இயக்குநர் சொல்லட்டும்.

"மூணு" என்றான் குயேன், சிறு பிள்ளைக்குச் சொல்கிற பொறுமையோடு.

"நீங்க சொல்லுங்கம்மா" என்று திருமதி சுயென் லூவா பக்கம் திரும்பினாள்.

"நாலு" என்றாள் லூவா.

மண்டபம் மறுபடி சிரித்தது. இந்தத் தடவை அவளைப் பார்த்து. முதல் வரிசை அதிகாரி ஒருவர் பாவம் என்கிற மாதிரி தலையை ஆட்டினார். அந்தச் சிரிப்புக்கு நடுவே, தனக்குத்தானே சொல்லிக்கொள்கிற குரலில், ஆனால் சந்தையில் பழகிய தொண்டையில், அம்மா சொன்னாள்.

"மூத்தவனையே ரெண்டுன்னு கூப்பிடற ஊரு. மூணுக்கு நாலுன்னா மட்டும் சிரிப்பு வருதாக்கும்."

சிரிப்பு அப்படியே நின்றது. திருமதி சுயென் 3 என்று அடித்தாள். கம்பத்தின் முதல் கொடியும் இரண்டாவது கொடியும் ஏறின, திரையில் புத்தாண்டுப் படகுகளுக்கு நடுவே கெண்டை நீந்தியது. மூன்றாம் மாதத்துக்குப் போய்க் காட்டினாள். ஆறு காலி. 3-ஐ அழித்துவிட்டு 4 அடித்தாள். மூன்றாவது கொடி மட்டும் ஏறியது. கெண்டை வந்தது.

அவள் மடிக்கணினியைக் குயேன் பக்கம் திருப்பிவைத்தாள். நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினாள். பத்தடி உயரப் படம் கை கட்டிக்கொண்டு நின்றது. அதற்குக் கீழே அசல் ஆளுக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் திருமதி சுயென் லூவாவுக்காக நின்றிருந்தாள். இருபது வருடம் தானும் இதே வேலை பார்த்தவள்தான் என்றாள்.

"அக்கா, நீங்க எப்படிச் சரியா ரெண்டாம் மாசத்தைச் சொன்னீங்க?"

"ஒண்ணரைக்கே வந்துட்டேன்ல. அவர் முப்பத்திநாலுன்னு அடிச்சதைப் பார்த்தேன். அப்பவே ரெண்டும் ஆறும்னு தெரிஞ்சுபோச்சு." அவள் ஒரு கார்டை நீட்டினாள். "ஒப்பந்தத்துல பொறுப்பாளர்னு ஒரு பேர்தான் இருக்கும். ரெண்டு பேர் கிடையாது. உங்க பேர்னா நாளைக் காலை எட்டு மணிக்குள்ள கூப்பிடுங்க. ஒம்போது மணி பஸ்ல நான் போயிடுவேன்."

லூவா கார்டை வாங்கிக்கொண்டாள். பார்த்துக்கொண்டே நின்றபோது பின்னால் காலடிச் சத்தம். குயேன். டை தளர்ந்திருந்தது. அவன் அப்படி மெல்ல நடந்து அவள் பார்த்ததில்லை.

"மூணு" என்றான். "ஏன் நாலு?"

நாற்பது வயதில் அண்ணன் கேட்ட முதல் கேள்வி.  லூவா கொஞ்சம் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டாள். ஒரு கம்பத்துல பன்னிரண்டு கொடின்னு வெச்சுக்கோ என்று ஆரம்பித்தாள். முதலாவதற்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, பிறகு இரட்டிப்பு. அவன் தலையாட்டிக் கேட்டான். உதடுகள் அசைந்தன, ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

"கம்பம், கொடி, இரட்டிப்பு. போதும் போதும்" என்று டையை இறுக்கினான். "டிவிக்காரங்க கீழே நிக்கறாங்க. அந்த நாலைப் பத்தி என்கிட்ட ரெண்டு வார்த்தை வேணுமாம்."

படியிறங்கும்போது அவன் பழைய நடைக்கு வந்துவிட்டிருந்தான்.

லூவா போனை எடுத்தாள். எட்டு மணிவரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. கார்டிலிருந்த எண்ணின் முதல் நான்கு இலக்கங்களை அழுத்தியிருப்பாள், பக்கத்திலிருந்து ஒரு கை வந்து கார்டை எடுத்துக்கொண்டது.

அம்மா அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து நிதானமாகப் படித்தாள்.

"நான் வாயைத் திறக்கலைம்மா. சொன்ன மாதிரியே இருந்தேன்."

"தெரியும். நான்தான் திறந்துட்டேன்." அம்மா கீழே பார்த்தாள். டிவிக்காரர்களின் விளக்கு வெளிச்சத்தில் குயேன் காற்றில் ஒரு கம்பத்தை வரைந்துகொண்டிருந்தான். "அவன் முகம் போச்சு. பேரும் போகணுமான்னு நான் ஒரு ராத்திரி யோசிக்கணும்."

கார்டு கைப்பைக்குள் போனது. பையின் கொக்கி டிக்கென்று மூடிக்கொண்டது.